எஃப்டியை உடைச்சு கடனை அடைன்னு கணக்கு சொல்லுது, மனசு கேக்க மாட்டேங்குதுங்க

பனியன்கம்பெனி:
வணக்கங்க. இங்க படிக்கிறதோட சரி, எழுதறது இதுதான் மொதல் தடவை, கொஞ்சம் நீளமாப் போயிரும் பொறுத்துக்கங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கறனுங்க, பிடித்தம் போக கைக்கு 46,000 வருது. வீட்டுல நானு, வீட்டுக்காரம்மா, மூணு வயசுப் பாப்பா. கொஞ்ச நாளா பர்சனல் ஃபைனான்ஸ் கத்துக்கலாம்னு இறங்கி யூடியூப்ல பாக்காத வீடியோ இல்ல, எக்செல்ல எக்ஸ்ஐஆர்ஆர் (முதலீட்டோட வருஷ வருமானக் கணக்கு) போடற அளவுக்கு வந்தாச்சு.

நிலவரம் இதுதானுங்க. பேங்க்ல எஃப்டி 3,25,000, ஏழு பர்சென்ட். பாப்பா பொறந்தப்போ எங்கப்பா கொடுத்ததும் நாங்க சேத்ததும், பாப்பா ஸ்கூலுக்குன்னு போட்டது. இன்னொரு பக்கம் வீட்டு போகியத்துக்கு வாங்கின பர்சனல் லோன் இன்னும் 2,40,000 நிக்குது, 15 பர்சென்ட், ஈஎம்ஐ 8,320, இன்னும் மூணு வருஷம். அதுக்கு மேல கிரெடிட் கார்டுல 60,000, போன வருஷம் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி செலவு வந்தப்போ ஏறுனது, மாசாமாசம் மினிமம் ட்யூ மட்டும் கட்டி ஓட்டிட்டு இருக்கறன். இதுக்கு நடுவுல ம்யூச்சுவல் ஃபண்டுல மாசாமாசம் எஸ்ஐபி 2,000 வேற போகுது.

வீட்டுக்காரம்மா சொல்றது ஒரே வரி, "எஃப்டியை உடைங்க, ரெண்டையும் கட்டித் தொலைங்க, நிம்மதியா இருக்கலாம்". கணக்குப் போட்டா அவங்க சொல்றதுதான் சரி, எனக்கே தெரியுது. ஆனா பேங்க் ஆப்பைத் திறந்து அந்த குளோஸ் பட்டன் வரைக்கும் போயிட்டு மூடிருவேன். பாப்பா காசுல கை வைக்கிற மாதிரி இருக்குது. இது எனக்கு மட்டும் இப்படியா, இல்ல எல்லாருக்குமா? காசு விசயத்துல மனசு இப்படி வேலை செய்யறதப் பத்தி எங்க போய் கத்துக்கறது? கணக்குச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்காங்க, இதைச் சொல்லித்தர ஆள் காணோம்ங்க.

கணக்குப்பிள்ளை:
தம்பி, கும்பகோணம் பக்கம் ஒரு கூட்டுறவு சங்கத்துல நகைக்கடன் கவுண்ட்டர்ல உக்காந்து ரிடையர் ஆனவன் நான். நீ கேட்டதை அந்தக் கவுண்ட்டர்ல தினம் பார்த்திருக்கேன். ஒரு அம்மா அஞ்சு பவுன் சங்கிலியைக் கொண்டாந்து வைப்பாங்க, 40,000 வேணும்பாங்க. பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தா நம்ம சங்கத்துலயே சேமிப்புக் கணக்குல 55,000 கிடக்கும். "ஏம்மா, இதுலேருந்தே எடுத்துக்கலாமே, எதுக்கு வட்டி கட்டணும்"னா, "அய்யய்யோ அது பேத்தி காதுகுத்துக்கு வச்சது சார், அதைத் தொட்டா அப்புறம் சேராது"ம்பாங்க. சங்கிலியைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்போ எனக்குச் சிரிப்பா வரும். போகப்போகத்தான் புரிஞ்சது, அந்தம்மா சொன்னதுல பாதி நெசம். நகையை வச்சா திருப்பியே ஆகணும், ஊர் கேக்கும், மாமியார் கேக்கும், வெறுங்கழுத்தோட கல்யாணத்துக்குப் போக முடியாது. சேமிப்பை எடுத்தா யாரும் கேக்கமாட்டாங்க, அது அப்படியே போயிடும். அவங்களுக்கு அவங்களைப் பத்தித் தெரிஞ்சிருக்கு.

ஆனா உன் கதை அது இல்ல. அவங்க கட்டினது குறைஞ்ச வட்டி. நீ பர்சென்ட்ல யோசிக்கிறதாலதான் உறைக்கல, நம்மூர் வட்டிக்கணக்குல போட்டுப் பாரு. எஃப்டி உனக்குக் கொடுக்கிறது நூத்துக்கு மாசம் 58 காசு. பர்சனல் லோன் ஒண்ணேகால் வட்டி. கார்டு, உன்னோடது எவ்வளவுன்னு ஸ்டேட்மென்ட்ல பாரு, பெரும்பாலும் மாசம் மூணரை பர்சென்ட், அதுக்கு மேல அந்த வட்டிக்கு 18 பர்சென்ட் ஜிஎஸ்டி, ஆக நாலு வட்டிக்கும் மேல. உங்க ஊர்ல எவனாவது நாலு வட்டிக்குக் காசு வாங்குறான்னா என்ன சொல்லுவீங்க? "அந்த ஆளு முங்கிட்டான்"பீங்க. அதே வட்டி பளபளன்னு அட்டைல வந்தா மட்டும் வட்டி மாதிரியே தெரியறதில்ல.

ரூபாயில சொல்றேன். 60,000-க்கு மாச வட்டி 2,100, ஜிஎஸ்டி 378, சேர்த்து 2,478. நீ மினிமம்னு 3,000 கட்டினா அசல்ல கழியிறது 522 ரூபாதான். வருஷத்துக்குப் பார்த்தா கார்டு உன்கிட்ட வாங்குறது 29,000 சொச்சம். 3,25,000 எஃப்டி மொத்தமும் சேர்ந்து உனக்குக் கொடுக்கிறது 22,750. மூணேகால் லட்சம் சம்பாதிச்சுக் கொடுக்கிறதை விட அதிகமா அறுபதாயிரம் தின்னுது. கார்டுல புதுசா ஒண்ணும் வாங்காம, 3,000-ஐக் குறைக்காம கட்டிக்கிட்டே வந்தாலும் முடிய மூணரை வருஷத்துக்கு மேல ஆகும், மொத்தமா ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிட்ட கட்டியிருப்ப. உண்மையில மினிமம் ட்யூ பாக்கி குறையக் குறைய அதுவும் குறையும், அதனால இன்னும் இழுக்கும். பாக்கி வச்சிருக்கிற வரைக்கும் புதுசா தேய்க்கிறதுக்கு அந்த வட்டியில்லா நாளும் கிடையாது, தேய்ச்ச தேதியிலேருந்தே ஓடும். அதனால கார்டை மொதல்ல எடுத்து உள்ள வை.

ஸ்டாப்லாஸ்_சிங்கம்:
ப்ரோ எதுக்கு இவ்ளோ டென்ஷன், எஃப்டிய உடைச்சு ஆப்ஷன்ஸ்ல போடுங்க, வாரா வாரம் எக்ஸ்பைரி ஸ்ட்ராட்டஜி ஒண்ணு இருக்கு, மூணு மாசத்துல லோன், கார்டு எல்லாம் கிளியர் பண்ணிட்டு எஃப்டியையும் திரும்பப் போட்டுக்கலாம். இன்பாக்ஸ் வாங்க.

மாடிவீடு:
@ஸ்டாப்லாஸ்_சிங்கம் உங்க ஸ்ட்ராட்டஜிக்கு பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி பதில் சொல்லிட்டாங்க ப்ரோ. 2024 செப்டம்பர்ல வந்த அவங்க ரிப்போர்ட், மூணு நிதியாண்டுக் கணக்கு, 2021-22 தொடங்கி 2023-24 வரைக்கும். எஃப் அண்ட் ஓல, அதாவது ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்துல, இறங்கின தனிநபர் ஒரு கோடிக்கு மேல, அதுல நூத்துக்கு 93 பேருக்கு நஷ்டம், நஷ்டப்பட்டவங்க ஆளுக்கு சராசரி ரெண்டு லட்சம் கிட்ட, மொத்தமா 1.8 லட்சம் கோடிக்கு மேல. சுத்தி 93 பேர் விழுந்தாலும் நான் அந்த ஏழுல ஒருத்தன்னு ஒவ்வொருத்தனும் நம்புறான் பாருங்க, பணம் மனசு பத்திக் கேட்டவருக்கு இதுவும் ஒரு பாடம். இன்பாக்ஸ்க்கு யாரும் போயிடாதீங்க.

இப்போ பனியன்கம்பெனி அண்ணா கேட்டதுக்கு வரேன். நீங்க மட்டும் இல்ல. இதையே அமெரிக்காவுல டேவிட் கிராஸ், நிக்கோலஸ் சோலெலஸ்னு ரெண்டு பேர் கிரெடிட் கார்டு டேட்டாவை வச்சு 2002-ல எழுதியிருக்காங்க. கார்டுல வட்டி கட்டி ஓட்டுற நிறைய பேர் கிட்ட அதே சமயம் பேங்க்ல எடுத்துக் கட்டக்கூடிய காசு கிடக்குது, எடுக்க மாட்டேங்கறாங்க. அதுக்கப்புறம் எகனாமிக்ஸ்காரங்க இதுக்கு கிரெடிட் கார்டு புதிர்னே பேர் வச்சு இன்னும் சண்டை போட்டுட்டு இருக்காங்க. அதனால திருப்பூர்ல உக்காந்துட்டு நீங்க வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

ஏன்னு கேட்டா ஒரு காரணம் ரிச்சர்ட் தேலர் சொன்னது, எகனாமிக்ஸ்ல 2017-ல நோபல் வாங்கினவர். காசு எல்லாமே காசுதான், ஆனா மனசு அப்படி வச்சுக்கறதில்ல, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் எழுதித் தனித்தனி டப்பால போட்டு வச்சுக்குது. நம்ம பாட்டிங்க அஞ்சறைப்பெட்டில கடுகுக்குக் கீழ மடிச்சு வச்ச காசு மாதிரி. உங்க எஃப்டி டப்பா மேல "பாப்பா"ன்னு எழுதியிருக்கு. கடன் டப்பா மேல உங்க பேர் இருக்கு. பாப்பா டப்பால இருந்து எடுத்து உங்க டப்பால போடுறது திருட்டு மாதிரி இருக்கு. ஆனா ஒரு விசயம் யோசிங்க, கார்டுக்குப் போற அந்த 2,478 எந்த டப்பால இருந்து போகுது? உங்க சம்பளத்துல இருந்து. அந்தச் சம்பளம்தானே நாளைக்கு பாப்பா ஃபீஸ். பாப்பா காசுல ஏற்கெனவே மாசாமாசம் கை வச்சுட்டுத்தான் இருக்கீங்க, அந்தப் பக்கம் பேர் எழுதாததால தெரியல.

ரெண்டாவது, இழப்பு. கானமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு மனோதத்துவக்காரங்க 1979-ல எழுதினதுல இருந்து இது எல்லாரும் சொல்றதுதான், கிடைக்கிற சந்தோஷத்தை விட அதே அளவு போற வலி ரொம்ப அதிகம், ஏறக்குறைய ரெண்டு மடங்குன்னு அவங்க பின்னாடி கணக்குப் போட்டாங்க. எஃப்டியை உடைச்சா 3,25,000-ங்கிற நம்பர் கண்ணு முன்னாடி சைபர் ஆகுது, அது பளிச்னு ஒரு இழப்பு. வட்டி குறையறது லாபம்தான், ஆனா ஸ்க்ரீன்ல எங்கயும் பச்சைக் கலர்ல வராது.

எனக்கு வேலை செஞ்ச ஒரே வழி கேள்வியைத் திருப்பிப் போடுறது. உங்ககிட்ட எஃப்டியும் இல்ல, கடனும் இல்லைன்னு வச்சுக்கங்க. கையில சைபர். இப்போ ஒருத்தர் வந்து, "தம்பி நாலு வட்டிக்கு 60,000 தரேன், அதை எடுத்துட்டுப் போய் 58 காசு வட்டிக்கு பேங்க்ல போடு, பாப்பாவுக்கு ஆகும்"னா வாங்குவீங்களா? அடிக்கப் போவீங்க. ஆனா இன்னைக்கு நீங்க இருக்கிற இடம் அதேதான், வந்த வழி மட்டும் வேற. எந்த முதலீட்டை வச்சிருக்கறதா விக்கறதான்னு முழிச்சாலும் இதைக் கேளுங்க, இன்னைக்குக் கையில காசா இருந்தா இதைப் புதுசா வாங்குவேனா?

வைகைக்கரை:
எல்லாரும் தம்பியை எஃப்டியை உடைக்கச் சொல்லியே அனுப்பப் பாக்குறீங்க. நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிக்கிறேன். மதுரையில ஸ்கூல்ல கிளார்க்கா இருக்கேன், எங்க ஸ்டாஃப் ரூம்ல சீட்டுப் பிடிக்கிறதும் நாந்தேன்.

கணக்குப்படி கடன் வட்டி அதிகம், எஃப்டி வட்டி கம்மி, சரி. அவரு மூணேகாலையும் எடுத்து ரெண்டையும் அடைச்சிட்டாருன்னா கையில மிச்சம் 25,000. லோனை முன்னாடி முடிக்க சார்ஜ் போட்டா அதுவும் கரையும். அவங்கம்மாவுக்கு மறுபடி ஆஸ்பத்திரின்னா என்ன பண்ணுவாரு? திரும்ப அதே கார்டுதான். இப்ப கார்டும் காலியா இருக்குமுல்ல, லிமிட் முழுசும் சிரிச்சுக்கிட்டு நிக்கும். கடனை அடைச்ச சந்தோஷத்துல ஒரு போன், ஒரு வாஷிங் மெசின்னு ஈஎம்ஐல ஏறும். இப்படி அடைச்சு அடைச்சு ஏத்துறவங்களை எங்க ஸ்டாஃப் ரூம்லயே காட்டுவேன். அப்ப எஃப்டியும் போச்சு, கடனும் வந்துச்சு. தம்பி கை பட்டன்கிட்ட போயி நிக்கிறது வெறும் பைத்தியக்காரத்தனம் இல்ல, இந்தப் பயம்தேன். மனசு சொல்றதுல எது முட்டாள்தனம் எது அனுபவம்னு பிரிச்சுப் பாக்கணும், எடுத்த எடுப்புல எல்லாத்தையும் தப்புன்னு எழுதிரக் கூடாது.

சீட்டையும் இப்பிடித்தேன் படிச்சவுக கேலி பண்ணுவாக. ஏலச் சீட்டுல கடைசியா எடுக்கிறவுகளுக்கு வட்டின்னு பாத்தா பெருசா ஒண்ணும் நிக்காது, பதிவு பண்ணின சீட்டுலயே கம்பெனிக்கு ஏழு சதவீதம் வரைக்கும் கமிசன் போகுது, 1982 சட்டத்துல அஞ்சா இருந்ததை 2019-ல ஏழாக்குனாக. ம்யூச்சுவல் ஃபண்டு மேலுன்னு எனக்கும் தெரியும். ஆனா எங்க டீச்சரம்மா ஒருத்தவுக எஸ்ஐபி போட்டுட்டு மூணாவது மாசமே போன்ல நிப்பாட்டிட்டாக, யாருக்கும் தெரியாது, யாரும் கேக்கல. அதே டீச்சரம்மா எங்கிட்ட சீட்டுக்காசு ஒரு மாசம் தவறினதில்ல. ஏன்னா ஒண்ணாந்தேதி காலையில நான் நேரா அவுக டேபிள்ல போயி நின்னு "டீச்சர்"னு ஒரு வார்த்தைதான் சொல்லுவேன். மத்த பதினெட்டுப் பேரும் நிமிந்து பாப்பாக. அந்த மானத்துக்குத்தேன் அந்த வட்டியை விட்டுக்குடுக்கிறாக. அது கட்டணம்னு வச்சுக்கங்க.

நகைச் சீட்டும் அப்படித்தேன். பதினோரு மாசம் கட்டினா சேதாரம் கழிவுன்னு ஏதோ சலுகை, முதலீடுன்னு பாத்தா சுமாருதேன், செய்கூலி சேதாரம் ஜிஎஸ்டி எல்லாம் நம்ம தலையில. ஏன் எல்லாக் கடையிலயும் பதினோரு மாசம்னு கேட்டா, முன்பணம் 365 நாளைத் தாண்டினா கம்பெனிச் சட்டத்துல அது டெபாசிட்டுக் கணக்காயிரும், 2014-ல வந்த விதி, அதுக்குத்தேன் பதினோரு மாசத்துல முடிச்சிடுறாக. இதெல்லாம் தெரிஞ்சே கட்டுறோம், இல்லாட்டி அந்தக் காசு கையில நிக்காதுன்னு நமக்கே தெரியும்.

அதனால தம்பி, கார்டை மட்டும் அடை, கணக்குப்பிள்ளை அய்யா சொல்றது நெசந்தேன், நாலு வட்டிக்கு எந்த நியாயமும் கிடையாது. பர்சனல் லோனுக்காக மொத்த எஃப்டியையும் வழிச்சு எடுக்காத.

மாடிவீடு:
வைகைக்கரை அக்கா, ஒத்துக்கறேன், எமர்ஜென்சிக்குக் கொஞ்சம் இருக்கணும். ஆனா அதுக்கு மூணேகால் லட்சமும் வேணுமா? அவர் செலவு மாசம் 30,000-னு வச்சா மூணு மாசத்துக்கு 90,000. அம்மாவுக்கு மெடிக்ளெய்ம் இல்லைன்னா இன்னும் கொஞ்சம் கூட. மீதியை எதுக்கு 58 காசுக்கு வச்சிருக்கணும்?

ஸ்டாஃப் ரூம்ல நீங்க பண்றது பத்தி ஒரு வார்த்தை. தேலரும் பெனார்ட்சின்னு இன்னொரு எகனாமிக்ஸ்காரரும் சேர்ந்து ஒரு கம்பெனில இதே மாதிரி பண்ணிப் பாத்தாங்க. இன்னைக்கு சேமின்னா யாரும் சேமிக்க மாட்டாங்க, "அடுத்த இன்க்ரிமென்ட் வரும்போது அதுல ஒரு பகுதி தானா சேமிப்புக்குப் போகட்டும், இப்பவே கையெழுத்துப் போடு"ன்னாங்க. கைக்கு வர்ற காசு குறையாததால வலிக்கல. சேந்தவங்களோட சேமிப்பு சம்பளத்துல 3.5 சதவீதமா இருந்தது 40 மாசத்துல 13.6 ஆச்சு. 2004-ல எழுதினாங்க. அங்க தானா பிடிக்கிற கம்பெனி, உங்க ஸ்டாஃப் ரூம்ல ஒண்ணாந்தேதி வந்து நிக்கிற நீங்க.

பனியன்கம்பெனி:
எல்லாருக்கும் நன்றிங்க. கார்டு எஃப்டியோட மொத்த வட்டியை விட அதிகமா திங்குதுங்கற கணக்கை வீட்டுல சொன்னேன், "இதைத்தான நானு ரெண்டு மாசமாச் சொல்லிட்டு இருக்கறேன், யாரோ முகம் தெரியாதவிய சொன்னாத்தான் ஏறுது"ன்னு ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க.

கேள்விய திருப்பிப் போட்டது நல்லா உறைச்சுதுங்க, ஆனா உடைக்கறதுக்கு இன்னும் கை வரலை, உண்மையச் சொல்லிர்றேன். எங்கப்பா அந்தக் காசக் குடுத்தப்போ பாப்பா கையில வச்சு வாங்கி எங்கிட்ட குடுத்தாரு. அவருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாருன்னு இருக்குது. எஃப்டியை உடைக்காம ஏதாவது வழி இருக்குதுங்களா? அப்பறம் எஸ்ஐபிய என்ன பண்றதுங்க, நிறுத்துனா லாங் டெர்ம் காம்பவுண்டிங் கெட்டுப்போகும்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்களே.

கணக்குப்பிள்ளை:
வழி இருக்கு தம்பி. எஃப்டி மேலயே கடன் கேளு. ஓவர்டிராஃப்டும்பாங்க, சுருக்கமா ஓடி, டெபாசிட் மேல லோனும்பாங்க. பொதுவா எஃப்டி வட்டியை விட ஒண்ணு, சில இடத்துல ரெண்டு பர்சென்ட் கூட வச்சுக் கொடுப்பாங்க, டெபாசிட்ல முக்கால்வாசிக்கு மேலயே கிடைக்கும், ஜாமீன் கேக்க மாட்டாங்க, பல பேங்க்ல ஆப்லயே முடிஞ்சிடும். பாப்பா பேர்லயே போட்ட டெபாசிட்னா மட்டும் கேட்டுக்கோ, மைனர் டெபாசிட் மேல கடனுக்குத் தனி விதி வச்சிருப்பாங்க. உன் பேர்ல இருந்தா தடையில்ல.

8 பர்சென்ட்டுக்கு 60,000 எடுத்து கார்டை ஒரே அடியா மூடு. இப்போ 60,000-க்கு மாச வட்டி 400 ரூபா, அதுவும் கட்டக்கட்ட குறையும். கார்டுல 2,478 போயிட்டு இருந்தது. எஃப்டி அப்படியே நிக்கும், அப்பா கேட்டா இருக்குன்னு சொல்லலாம். கணக்குன்னு பார்த்தா ஏழு வாங்கிட்டு எட்டு கட்டறது அசட்டுத்தனம்தான், உடைச்சா அந்த ஒரு பர்சென்ட்டும் மிச்சம். ஆனா உடைச்சாலும் முன்கூட்டி எடுத்ததுக்கு வட்டியில ஒரு பர்சென்ட் கிட்ட பிடிப்பாங்க, அதனால வித்தியாசம் பெருசா இருக்காது. அந்தச் சில நூறு ரூபா உனக்கு ராத்திரி தூக்கத்தைக் கொடுக்கும்னா கொடுத்துட்டுப் போ. வைகைக்கரைம்மா சீட்டுக்குச் சொன்னாங்களே, அதேதான்.

எஸ்ஐபியை நிறுத்து. காம்பவுண்டிங் கெட்டுப்போகும்ங்கிறது கடன் இல்லாதவனுக்கு. நாலு வட்டிக்கு கார்டுல காம்பவுண்டிங் உனக்கு எதிரா ஓடிட்டு இருக்கே, அதை எந்த வீடியோலயும் சொல்ல மாட்டேங்கிறான். யூனிட்டை விக்க வேணாம், புதுசா போடறதை மட்டும் நிறுத்து. கார்டுக்குக் கட்டின 3,000, எஸ்ஐபி 2,000, சேர்த்து 5,000-ஐ ஓடி கணக்குல மாசாமாசம் கட்டு. பதிமூணு மாசத்துல முடிஞ்சிடும். சம்பளம் வந்த மறுநாளே தானா போற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்சன் கொடுத்துடு, நீயா கட்டறேன்னு வச்சுக்காத.

லோனுக்கு வருவோம். 2,40,000-க்கு மூணு வருஷத்துல இன்னும் 59,500 கிட்ட வட்டி கட்டுவ. ஒப்பந்தத்தை எடுத்து ஃபோர்குளோசர் சார்ஜ், அதான் முன்கூட்டி முடிக்கிறதுக்கான கட்டணம், எவ்வளவுன்னு பாரு, ஃபிக்ஸட் ரேட் பர்சனல் லோன்ல பாக்கியில மூணு நாலு பர்சென்ட் போட்டு ஜிஎஸ்டியும் போடுவாங்க. பாதி கட்ட அனுமதி உண்டா, அதுக்கு சார்ஜ் இருக்கான்னும் பாரு. நாலுன்னா 11,000 சொச்சம் வரும். கட்டினாலும் லாபம்தான், ஆனா அவசரம் இல்ல. ஓடி முடிஞ்சப்புறம் அந்த 5,000 சும்மாதானே இருக்கும், அதைச் சேர்த்துச் சேர்த்து லோன்ல போடு.

மாடிவீடு:
அய்யா சொன்னதோட ஒண்ணு. கார்டு எதுக்கு ஏறுச்சுன்னு சொன்னீங்க, ஆஸ்பத்திரி. அது உங்க செலவுப் பழக்கம் இல்ல, இன்சூரன்ஸ் இல்லாதது. அம்மா வயசு என்ன? தனியா ஹெல்த் பாலிசி விலை அதிகமா இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டைக்குத் தகுதி இருக்கான்னு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற அந்த கவுண்ட்டர்ல கேளுங்க, வருமான வரம்பு உண்டு. 60 தாண்டினவங்களுக்குப் பழைய நோய்க்கு வெயிட்டிங் பீரியட் இருக்கும், பாலிசியில அந்தப் பக்கத்தை மட்டுமாவது முழுசாப் படிங்க.

கத்துக்கறது பத்திக் கேட்டீங்க. செபியோட நிதிக்கல்விப் புத்தகம் இலவசமா தமிழ்லயே இருக்கு, அவங்க ஆப்பும் இருக்கு, 2022-ல விட்டது. ஆனா மனசு பத்தி அதுல அவ்வளவா இல்ல. அதுக்கு நான் பண்றது, பெரிய செலவோ முதலீடோ பண்றதுக்கு முன்னாடி ஒரு நோட்டுல ரெண்டு வரி எழுதி வைப்பேன், ஏன் பண்றேன், என்ன ஆனா இது தப்புன்னு ஒத்துக்குவேன். ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா சிரிப்பு வரும், ஏன்னா நமக்கு ஞாபகம் இருக்கிற காரணமும் அப்போ எழுதின காரணமும் ஒத்தே போகாது. வீடியோ எவ்வளவு பாத்தாலும் அது பண்ணாது.

செலவு பக்கம் ஒண்ணு சொல்லிடறேன். கார்டு, யுபிஐ எதுல கட்டினாலும் கையில இருந்து நோட்டு போற வலி வர்றதில்ல. 2001-ல எம்ஐடி-ல ப்ரெலெக், சிமெஸ்டர்னு ரெண்டு பேர் பாஸ்டன் செல்டிக்ஸ் பாஸ்கட்பால் மேட்ச் டிக்கெட்டை மாணவர்களுக்கு ஏலம் விட்டாங்க. ரொக்கமாக் கட்டணும்னு சொன்னவங்களை விட கார்டுல கட்டலாம்னு சொன்னவங்க ரெண்டு மடங்கு கிட்ட கேட்டாங்க. அதே டிக்கெட், அதே மாதிரிப் பசங்க. நான் மளிகையையும் பெட்ரோலையும் மட்டும் ரொக்கத்துக்கு மாத்தினேன், காய்கறிக் கடையில சில்லறைக்கு அலையறது எரிச்சல்தான்.

வைகைக்கரை:
பாப்பா டப்பாங்கிறது அவ்வளவு முக்கியம்னா, கடன் தீந்தப்புறம் போஸ்டாபீஸ்ல செல்வமகள் கணக்கு ஒண்ணு ஆரம்பி தம்பி. பத்து வயசுக்குள்ள பொம்பளப் பிள்ளைக்குத்தேன், வருசத்துக்குக் குறைஞ்சது 250, கூடுனா ஒன்றரை லட்சம், பதினஞ்சு வருசம் கட்டணும், 2024 ஜனவரியில இருந்து 8.2 சதவீதம். படிப்புக்கு எடுக்கணும்னாலும் பதினெட்டு வயசாகணும் இல்ல பத்தாவது முடிக்கணும், அப்பயும் பாதிதேன். நீயே நினைச்சாலும் தொட முடியாது. எல்கேஜி ஃபீஸுக்கு ஆகாது அது, அதுக்கு வேற வை. உன்னய மாதிரி ஆளுக்கு இது சரியா இருக்கும். அப்பா கையால ஆரம்பிச்சா இன்னும் நல்லது.

பனியன்கம்பெனி:
அப்பாகிட்ட பேசிட்டனுங்க. எஃப்டி மேல லோன் எடுக்கறேன், உடைக்கலன்னு சொன்னேன். "நாலு வட்டிக்கு வாங்கி வச்சுட்டு என் காசைப் பூட்டி வச்சிருந்தியாக்கும்"னாரு. அவரு தறி ஓட்டுன காலத்துல வட்டிக்கு வாங்கி நூல் போட்டவருங்க, பர்சென்ட்டெல்லாம் தெரியாது, நாலு வட்டின்ன உடனே முகம் மாறிப்போச்சு. நானு பயந்தது ஒண்ணு, நடந்தது ஒண்ணு. பேங்க்ல கேட்டதுல டெபாசிட் எம்பேர்லதான் இருக்குது, பாப்பா நாமினிதானாம், எட்டு பர்சென்ட்டுக்கு நாளைக்கே ஓடி போட்டுத் தர்றாங்களாம். கார்டு பாக்கி ஆப்ல 60,140 காட்டுது. அதை அப்படியே கட்டுனா கணக்கு முடிஞ்சுதுங்களா, இல்ல வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?

கணக்குப்பிள்ளை:
முடியாது தம்பி, இதுல நிறைய பேர் ஏமாந்து போறாங்க. போன ஸ்டேட்மென்ட் தேதியிலேருந்து நீ கட்டுற தேதி வரைக்கும் ஓடின வட்டி அடுத்த ஸ்டேட்மென்ட்லதான் வரும், ஆப்ல இப்போ தெரியாது. ஆயிரம், ரெண்டாயிரம்னு வரலாம். எல்லாம் கட்டியாச்சேன்னு நீ பாக்காம விட்டா அதுக்கு லேட் ஃபீ, அதுக்கு ஜிஎஸ்டி, அப்புறம் நம்ம கடன் சரித்திரத்தைப் பதியற சிபில்ல ஒரு கோடு. அதனால 63,000-மா ஓடி எடுத்துக்க, 60,140-ஐ நாளைக்கே கட்டு, மிச்சத்தைக் கையில வச்சிரு, அடுத்த ஸ்டேட்மென்ட் வந்ததும் வந்த தொகையை முழுசா கட்டு. அதுக்கடுத்த மாசம் சைபர்னு ஸ்டேட்மென்ட் வந்தாத்தான் முடிஞ்சதா அர்த்தம். கார்டுல ஏதாவது ஆட்டோ பே, சந்தா கோத்து வச்சிருந்தா அதையும் இன்னைக்கே கழட்டு. சிபில் ரிப்போர்ட் வருஷத்துக்கு ஒண்ணு இலவசம், ரெண்டு மூணு மாசம் கழிச்சு எடுத்து அந்தக் கார்டு நேரா பாக்கி இல்லைன்னு இருக்கான்னு பாத்துக்க.